யாழ்ப்பாணத்திலிருந்து கல் பொறுக்கப் போவோருக்கு

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டினாலும் சரி, காரைநகர்க் கடற்கரையில் காலாற நடந்தாலும் சரி, கையில் வருவது சுண்ணாம்புக்கல், இல்லையென்றால் முருகைக்கல். நெடுந்தீவில் வேலிகளே முருகைக்கல்தான். குடாநாட்டின் அடியில் கிடக்கும் பாறை மயோசீன் காலத்தில், அதாவது 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கும் 50 லட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், கடலடியில் படிந்த சுண்ணாம்பு. கீரிமலைக் கேணியும் நிலாவரைக் கிணறும் நமக்குக் கிடைத்தது அந்தக் கல் தண்ணீரில் கரைகிற தன்மையால்தான். ஆனால் அதே மென்மை, கல்லை உருட்டி மெருகேற்ற நினைப்பவருக்கு உதவாது.

ஆகவே ரொக் டம்பிளர் என்கிற உருட்டு இயந்திரத்தை வாங்கிய யாழ்ப்பாணத்து ஆளுக்கு, கல் என்பது பயணத்தில்தான் கிடைக்கும். திருகோணமலைக்குக் கோவில் பயணம், கண்டியில் ஒரு கலியாணவீடு, கொழும்புக்கு ஓர் அலுவல், சென்னைக்கு வைத்தியம் என்று எப்படியும் போகத்தான் போகிறோம். அந்தப் பயணத்தில் அரைமணி நேரத்தைக் கல்லுக்கு ஒதுக்கினால் காணும். ஆனால் அந்த அரைமணியில் எதை எடுப்பது, எதை அங்கேயே விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். வடிவாகத் தெரிகிற கல்லையெல்லாம் அள்ளி வந்தால் இயந்திரம் ஒரு மாதம் ஓடியும் பலன் இராது.

ஏன் ஒரு மாதம்? இயந்திரத்தின் உருளைக்குள் கல், தண்ணீர், சிலிக்கன் கார்பைட் தூள் மூன்றையும் போட்டு இரவு பகலாகச் சுற்ற விடுகிறோம். முதலில் 60/90 என்ற பருந்தூள், பிறகு 120/220, அதன்பின் 500, கடைசியில் அலுமினியம் ஒக்சைட் போன்ற மெருகுத்தூள். ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ ஒரு கிழமை. இத்தனை நாளும் கற்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருப்பதால், மென்மையான கல் ஒன்று உள்ளே இருந்தால் அது கரைந்து சேறாகும். வெடிப்புள்ள கல் உடைந்தால் அதன் கூரான துண்டு மற்றக் கற்களைக் கீறிவிடும். அதனால் உருட்டுவதைவிடப் பொறுக்குவதில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

கல்லைச் சோதிக்கப் பழகுதல்

1812இல் பிரெடரிக் மோஸ் என்பவர் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். நகம் ஏறத்தாழ 2.5. சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட் 3. கத்தி அலகும் சாதாரணக் கண்ணாடியும் 5.5 அளவில். கருங்கல்லில் உள்ள பெல்ஸ்பார் 6, படிகக்கல் என்கிற குவார்ட்ஸ் 7, வைரம் 10. தொடங்குபவருக்கு வேண்டியது 6.5 முதல் 7 வரையான கற்கள். குவார்ட்ஸ், அதன் உறவான அகேட், கார்னீலியன், ஜாஸ்பர், சிக்கிமுக்கிக்கல் எல்லாம் இதற்குள் அடங்கும்.

பையில் கொண்டுபோகும் சாமான் அதிகம் இல்லை. பழைய கத்தி ஒன்று, விளிம்பு மழுக்கிய கண்ணாடித் துண்டு ஒன்று, மருந்துக் குப்பியில் கொஞ்சம் வினாகிரி, ஒரு போத்தல் தண்ணீர், ஒரு பழந்துணி. டோர்ச் இருந்தால் நல்லது. கைபேசி வெளிச்சமே போதும்.

முதலில் கண்ணாடிச் சோதனை. கண்ணாடித் துண்டைக் கையில் பிடிக்காமல் தட்டையான நிலத்தில் வைத்து, கல்லின் மூலையால் அழுத்தி ஒரு கோடு இழுக்க வேண்டும். வெள்ளைக் கோடு தெரிந்தவுடன் முடிவு கட்டக்கூடாது. மென்மையான கல்லும் தன் தூளைக் கண்ணாடியில் விட்டுப் போகும். பார்ப்பதற்குக் கீறல் மாதிரியே இருக்கும். விரலை நனைத்துத் துடைத்துவிட்டு நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தடக்கினால் அது உண்மையான கீறல், கல் கண்ணாடியைவிடக் கடினம். கோடு துடைபட்டுப் போனால் கல்லை வைத்துவிடலாம்.

சந்தேகம் இருந்தால் கத்தியால் கல்லைக் கொஞ்சம் சுரண்டித் தூள் எழுப்பி, அதன்மேல் ஒரு சொட்டு வினாகிரி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இனம். வினாகிரி இல்லையென்றால் தேசிக்காய்ப் புளியும் வேலை செய்யும், ஆனால் நுரை மெல்லியதாக இருப்பதால் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும். குவார்ட்ஸில் கத்தி கீறாது. கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாக அதில் ஒட்டும்.

அடுத்தது வெடிப்பு. என் கணிப்பில் எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை இதுதான். புதிதாகப் பொறுக்குபவர்கள் பெரும்பாலும் செய்யாமல் விடுவதும் இதைத்தான். கல்லைத் தண்ணீரில் முக்கி எடுத்துத் துணியால் நன்றாகத் துடையுங்கள். பிறகு அரை நிமிடம் சும்மா கையில் வைத்திருங்கள். மேற்பரப்பு காய்ந்து வெளிறும்போது, வெடிப்புக்குள் புகுந்த ஈரம் மட்டும் காயாமல் மயிரிழை போலக் கறுத்த கோடாக நிற்கும். ஈரத்தில் தெரியாத வெடிப்பு இந்தக் காயும் நேரத்தில் வெளியே வந்துவிடும். கோடு கல்லின் ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கம் வரை சுற்றி ஓடினால், அந்தக் கல் உருளைக்குள் நிச்சயம் இரண்டாகும். சின்ன மூலையில் மட்டும் கோடு இருந்தால் பரவாயில்லை, முதல் கிழமையிலேயே அந்த மூலை தேய்ந்து போய்விடும்.

வெளிச்சம் ஊடுருவுகிற கல் என்றால் இன்னொன்றும் செய்யலாம். கல்லின் பின்பக்கம் டோர்ச்சைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். உள்ளே தகடு போல ஏதாவது திடீரென்று மின்னினால் அது உள்வெடிப்பு. வன்னிப் பக்கத்து வெள்ளைக் குவார்ட்ஸில் இது கனக்க உண்டு. பால் மாதிரி ஒரே சீராக ஒளி பரவினால் நல்ல கல்.

கடைசியாகக் கல்லின் துகளான மணியும் மைக்காவும். ஒரே மாதிரிக் கல் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தேய்த்துப் பாருங்கள். மணல் மணலாக உதிர்ந்தால் வேண்டாம். காக்காப்பொன் என்று நம் ஆட்கள் சொல்லும் மைக்கா மினுக்கம் தெரிந்தாலும் வேண்டாம். வெயிலில் பளபளக்கிறதே என்று கை போகும். ஆனால் மைக்காவின் கடினம் 3க்குக் கிட்டத்தான். மற்றக் கனிமங்கள் மெருகேற, மைக்கா இருந்த இடமெல்லாம் குழி விழுந்து, அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும்.

உருவத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆறோ கடலோ ஏற்கெனவே உருட்டித் தந்த கல் என்றால் ஒரு கிழமை மிச்சம். ஆழமான குழியுள்ள கல்லை விட்டுவிடுங்கள். குழிக்குள் தூள் மெருகேற்றாது. அதோடு முன்கட்டத்துப் பருந்தூள் அங்கே ஒளிந்திருந்து கடைசிக் கட்டத்தைக் கெடுக்கும்.

போவதற்கு முன் முற்றத்திலேயே

இந்தச் சோதனைகளைப் பழக வவுனியா வரை போகத் தேவையில்லை. உங்கள் ஊரில் எங்கேயாவது வீடு கட்டுகிறார்களா என்று பாருங்கள். மேசன்மார் பூச்சு வேலைக்கு ஆற்றுமணலை அரிதட்டில் அரிக்கும்போது, மேலே தங்குகிற பரலை ஒரு மூலையில் கொட்டுவார்கள். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. அந்த மணல் வெளியிலிருந்து லொறியில் வந்தது. ஆகவே அந்தப் பரலில் நல்ல உருண்டைக் குவார்ட்ஸ் கிடக்கும்: வெள்ளை, தேன் நிறம், சில வேளை புகை நிறம். வீட்டுக்காரரைக் கேட்டால் ஒரு பேணி நிறைய எடுத்துப் போகச் சொல்வார். அவை சிறியவை, கடலையளவுதான். ஆனால் உருளைக்குள் பெரிய கற்களுக்கிடையே உள்ள இடைவெளியை நிரப்ப அப்படிச் சிறிய கற்கள் கட்டாயம் வேண்டும். சோதனை பழகவும் ஆயிற்று, நிரப்புகல் சேர்க்கவும் ஆயிற்று.

அதே குவியலில் நம்மூர்ச் சுண்ணாம்புத் துண்டும் கலந்திருக்கும். வினாகிரிச் சொட்டை இரண்டிலும் விட்டுப் பார்த்து, வித்தியாசத்தைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் போனால் என்ன

இலங்கையின் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிலம் 54 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பளிங்குருப் பாறையால் ஆனது. நமது குடாநாடும், அதிலிருந்து மன்னார் வழியாகப் புத்தளம் வரை இறங்கும் வடமேற்குக் கரையும் மட்டும்தான் பெரிய விதிவிலக்கு. ஏ9 வீதியால் போகும்போது கிளிநொச்சி வரை கல் தேடும் கண்ணை மூடி வைத்திருக்கலாம். மாங்குளம் கழிந்து வவுனியாவை நெருங்க நெருங்கக் கருங்கற்பாறைகள் தலை நீட்டத் தொடங்கும். அந்தப் பாறைகளின் இடுக்குகளில் ஓடும் குவார்ட்ஸ் நரம்புதான் உடைந்து, உருண்டு, ஓடைகளில் வெள்ளைக்கல்லாகக் கிடக்கிறது. வன்னி ஓடைகள் ஆவணி, புரட்டாதியில் வற்றிக் கிடப்பதால் அப்போது மணல்படுக்கையில் நடந்து பொறுக்கலாம். மாரி முடிந்த தை, மாசியில் தண்ணீர் வடியும்போது புதுக் கற்கள் மேலே வந்திருக்கும். எனக்கு அந்தக் காலம்தான் பிடிக்கும். கல் ஈரமாக இருப்பதால் நிறமும் உடனே தெரியும்.

திருகோணமலைப் பக்கம் குவார்ட்சைட் பாறை உண்டு. அது குவார்ட்ஸ் மணல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிய கல். மணி தெரியாமல் இறுகியது நன்றாக மெருகேறும். சீனிக்கட்டி போல மணி தெரிவது உதிரும். கோணேசர் கோவில் வளவிலும் சுவாமிமலையிலும் கை வைக்க வேண்டாம். புறாமலையும் தேசிய பூங்கா, அங்கேயும் எதையும் தொடக்கூடாது. புல்மோட்டைக் கறுப்பு மணலைக் கண்டு ஆசைப்படுவோர் உண்டு. அது இல்மனைட், ரூட்டைல், சிர்கன் கலந்த கனிய மணல். பெறுமதி உள்ளதுதான், ஆனால் உருட்ட அதில் கல் இல்லை.

மலைநாட்டு ஆறுகளில் கல் ஏராளம். பேராதனையில் மகாவலி, கித்துள்கலவில் களனி. ஆனால் அங்கே பொறுமை வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவை நைஸ் என்ற வரிப்பாறை. தண்ணீருக்குள் வெள்ளையும் கறுப்பும் வரிவரியாக, இடையிடையே மாதுளை முத்து நிறத்தில் கார்னெட் பொட்டுகளோடு கிடக்கும்போது விட்டுவர மனம் வராது. அந்தக் கறுப்பு வரி பெரும்பாலும் மைக்கா. கார்னெட் 7க்கு மேல், பெல்ஸ்பார் 6, மைக்கா 3: மூன்றும் மூன்று வேகத்தில் தேயும்போது மேடும் பள்ளமும்தான் மிஞ்சும். மேசையில் வைக்க ஒன்று எடுங்கள், உருளைக்கு வேண்டாம். கறுப்பு வரியே இல்லாத, வெளிறிய, இறுகிய துண்டு கிடைத்தால் சோதித்துப் பார்க்கலாம்.

இரத்தினபுரி வேறு கதை. இல்லம் என்கிற இரத்தினச் சரளைப் படையைத் தோண்டவோ அரிக்கவோ தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். குழிக்காரர்கள் ஒதுக்கிப் போடும் குவியலில் நல்ல குவார்ட்ஸ் இருக்கக்கூடும். நின்று, வணக்கம் சொல்லி, என்னத்துக்கு என்று விளக்கிக் கேளுங்கள். தருவது அவர்கள் விருப்பம். கொரண்டம் என்கிற நீலக்கல், சிவப்புக்கல் இனம் 9 கடினம். அது தற்செயலாகக் கையில் வந்தாலும் குவார்ட்ஸோடு சேர்த்து உருட்ட முடியாது.

இந்தியாவுக்குப் போனால் வாய்ப்பு இன்னும் பெரிது. தமிழ்நாட்டில் காங்கேயம் பக்கம் அழகுக் கற்களுக்குப் பேர்போனது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் தக்காண எரிமலைக் குழம்புப் பாறையின் பொந்துகளில் உருவான அகேட், கார்னீலியன் கிடைக்கின்றன. குஜராத்தின் காம்பாத் நகரம் பன்னெடுங்காலமாக அவற்றைப் பட்டை தீட்டுகிறது. தொடங்குபவருக்கு அகேட்டைவிட நல்ல கல் இல்லை. மணி தெரியாது, வெடிப்பு குறைவு, மெருகு கண்ணாடிபோல் வரும். சந்தையில் வாங்குவதென்றால் வெட்டாத, சாயம் போடாத துண்டைக் கேளுங்கள். பளிச்சென்ற நீலமும் கடும் இளஞ்சிவப்பும் பெரும்பாலும் சாயம்.

வெளிநாட்டிலிருந்து வரும் மச்சான், மருமக்களிடம் சொக்லேட்டுக்குப் பதிலாகக் கல் கேட்கலாம். கனடாவில் சுப்பீரியர் ஏரிக்கரை அகேட்டும் தண்டர் பே செவ்வந்திக்கல்லும் பேர்பெற்றவை. இங்கிலாந்தின் தென்கரையில் சிக்கிமுக்கிக்கல் மலிவு. ஆனால் 1949ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பல கடற்கரைகளில் கூழாங்கல் எடுக்கத் தடை உண்டு, அறிவிப்புப் பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள். இத்தாலியின் சார்தீனியாவில் 2017இலிருந்து மணலும் கூழாங்கல்லும் எடுத்தால் தண்டம். தேசிய பூங்கா எந்த நாட்டில் இருந்தாலும் கைவைக்கக்கூடாது.

கட்டாயம் வாசிக்க வேண்டியது

வடக்கில் கல் தேடுவது மற்ற இடங்களில் தேடுவது போன்றதல்ல. முகமாலை, ஆனையிறவு, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் மிதிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, மஞ்சள் நாடா, வெள்ளை சிவப்பு அடித்த கட்டைகள் எதைக் கண்டாலும் அந்தப் பக்கம் ஓர் அடிகூட வேண்டாம். பலகை இல்லையென்றால் ஆபத்து இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது. வெள்ளம் பழைய வெடிபொருட்களைப் புரட்டி ஓடைகளில் கொண்டுவந்து போடும். ஊர்ச்சனம் குளிக்கிற, மாடு சாய்க்கிற, தினம் நடக்கிற இடத்தில் மட்டும் இறங்குங்கள். இறங்குமுன் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மண்ணில் பாதி புதைந்த இரும்பு எதையும் தொடவேண்டாம், காலால் தட்டவும் வேண்டாம். விலகி வந்து பொலிசுக்கு அறிவியுங்கள். மண்ணைக் கிண்டுவது கூடவே கூடாது. மேலே தெரிகிற கல் மட்டும்தான் நமக்கு.

இரணைமடுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கனகராயன் ஆறு தெற்கிலிருந்து வந்து அந்தக் குளத்தில் விழுகிறது. அந்தப் பக்கத்துச் செம்மண்ணிலும் சரளையிலும் ஆதிமனிதன் குவார்ட்ஸிலும் செர்ட் என்ற கல்லிலும் செய்த கருவிகள் கிடைத்திருக்கின்றன. ஒரு பக்கம் கூராகச் செதுக்கியது போல, சின்னச் சின்னச் சிராய் எடுத்தது போல ஒரு கல் தெரிந்தால், அதை இருந்த இடத்திலேயே விடுங்கள். படம் எடுக்கலாம். அதை உருளையில் போட்டு வழுவழுப்பாக்கினால் நம் நிலத்தின் மிகப் பழைய எழுத்தில்லா வரலாற்றை நாமே அழித்ததாகும். மன்னார் மாந்தைப் பக்கம் மண்ணில் தெரியும் பழைய கோர்வை மணிகளுக்கும் இது பொருந்தும். தொல்பொருட்கள் 1940ஆம் ஆண்டின் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015இல் தேசிய பூங்காக்கள் ஆயின. அங்கே கல்லும் சிப்பியும் அவற்றின் இடத்திலேயே இருக்கட்டும். முருகைக்கல்லைக் கடலிலிருந்து பெயர்ப்பதும் தடை. தனியார் காணி, குளக்கட்டு, அலைகரைக் கல் எதிலும் கை வைக்க வேண்டாம். குளக்கட்டில் அடுக்கிய கல் ஒன்றை உருவினால் அடுத்த மாரியில் கட்டே கரையும். ரயில் பாதைச் சல்லியையும் விடுங்கள்.

இன்னொன்று, கல்லை வழியில் உடைத்துப் பார்க்கும் பழக்கம். குவார்ட்ஸ் உடையும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு, சில்லு கண்ணுக்குக் கேடு. உடைக்கத்தான் வேண்டுமென்றால் ஈரச்சாக்கில் சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு உடையுங்கள்.

எவ்வளவு, எப்படிக் கொண்டுவருவது

சின்ன இயந்திரத்தின் உருளை 3 இறாத்தல், கிட்டத்தட்ட 1.4 கிலோ தாங்கும். அதில் தண்ணீரும் தூளும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. உருளையை மூன்றில் இரண்டு பங்குக்குக் கல்லால் நிரப்பினால் போதும். ஆகவே ஒரு தடவைக்கு ஒரு கிலோ நல்ல கல் காணும். சாக்குக் கணக்கில் சுமக்க வேண்டிய வேலை இல்லை. அளவு கலந்து எடுங்கள்: கடலையளவு கொஞ்சம், புளியங்கொட்டையளவு கூடுதலாக, தேசிக்காயளவு இரண்டு மூன்று. அதைவிடப் பெரியது சின்ன உருளையில் சரியாகப் புரளாது.

சொப்பிங் பாக் கிழிந்துவிடும். உரப்பையில் வெட்டித் தைத்த சின்னப் பை நல்லது. ஒவ்வோர் இடத்துக் கல்லையும் தனித்தனியாகக் கட்டி, இடத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதிய துண்டொன்றை உள்ளே போடுங்கள். மெருகேறிய பிறகு எது எங்கிருந்து வந்தது என்று கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பலாலியிலிருந்தோ கட்டுநாயக்காவிலிருந்தோ பறப்பவர்கள் கல்லைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் மறித்துக் கேள்வி கேட்பார்கள், சில வேளை எடுத்தும் வைத்துவிடுவார்கள். இங்கிருந்து கொண்டுபோவதாக இருந்தால், பெறுமதியான கல் என்று சந்தேகம் வரக்கூடிய எதற்கும் முன்கூட்டியே விசாரியுங்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் மண் துளியும் ஒட்டாமல் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு இரவு ஊறவிட்டு, காலையில் பழந்துணியில் பரப்பிக் காயவிடுங்கள். மேலே சொன்ன வெடிப்புச் சோதனையை இங்கே ஆறுதலாக இரண்டாம் முறை செய்யலாம். வழியில் தப்பிய வெடிப்பு இதில் அகப்படும். கழிபட்டதைப் பூச்சாடிக்குப் போடுங்கள். மிஞ்சியதில் குவார்ட்ஸ் இனத்தை மட்டும் முதல் உருளைக்கு எடுங்கள். பெல்ஸ்பார் கூடியவற்றைத் தனியே சேர்த்து வையுங்கள், ஒரு உருளைக்கு வேண்டிய அளவு வரும்வரை அவை பொறுத்திருக்கட்டும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் கழுவும் சேற்றுத் தண்ணீரைக் குழாயிலோ கானிலோ ஊற்ற வேண்டாம். சீமெந்துபோல இறுகி அடைத்துவிடும். வாளியில் தெளியவிட்டு, அடியில் படிந்ததைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். கடைசி மெருகுக்குப் பின் அலசும்போது கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நமது தண்ணீரில் சுண்ணாம்பு கூட. கேத்திலில் வெள்ளையாகப் படிவது போலவே மெருகேறிய கல்லிலும் காயும்போது படலம் விடும். மாரியில் ஒரு பெரிய போத்தலில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் வருடம் முழுக்க அலச அது காணும்.